நன்றியுரைக்கு ஆள் இல்லை

அந்தப் புஸ்தகத்தை மூடி வைங்க தம்பி. ஓடுற பஸ்ல படிச்சா கண்ணு என்னத்துக்கு ஆகும்? மதுரை வரைக்கும்தானே? நானும் மதுரைதான். எங்க சின்னவன், கூடப் பொறந்தவன், அங்க இருக்கான். சும்மா பாத்துட்டு வரலாம்னு. விசேஷம் ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை அதுவுமா ஒருத்தன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாம, மூக்குக்கண்ணாடியைக்கூட எடுக்காம, பையைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறுனா உடனே விசேஷம் இருக்கணுமா என்ன?

கோவிச்சுக்காதீங்க. புஸ்தகத்தைக் கண்டாலே இன்னைக்கு எனக்கு எரிச்சலா வருது. புஸ்தகம் பாவம், அது என்ன பண்ணும்? அதைப் பத்திப் பேசுறேன்னு கிளம்பி வர்றாங்க பாருங்க, அவங்களைச் சொல்றேன்.

என் பேரு தெய்வேந்திரன். தாலுகா ஆபீஸ்ல ஹெட் கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி எங்க ஊரு. அங்க கிளை நூலகத்துல வாசகர் வட்டம்னு ஒண்ணு இருக்கு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கூட்டம். வெளியூர்ல இருந்து ஒரு சிறப்பு விருந்தினர் வருவாரு. ஒரு புஸ்தகத்தைப் பத்திப் பேசுவாரு. பதினாலு வருஷமா நடக்குது. பதினாலு வருஷமா நன்றியுரை நான்தான். கொரோனாவுல நின்ன மாசம் போக, நூத்தி நாப்பத்தாறு கூட்டம். நூத்தி நாப்பத்தாறு நன்றியுரை.

சிரிக்கிறீங்க. நன்றியுரைன்னா மைக்செட்டுக்கு நன்றி, நாற்காலிக்கு நன்றின்னு சொல்லிட்டு எறங்குறதுன்னு நெனைக்கிறீங்க. மத்த ஊர்ல அப்படி இருக்கலாம். எங்க ஊர்ல கூட்டத்துக்கு வர்றவன் பாதிப் பேரு நன்றியுரைக்குத்தான் வருவான். ஏன்னா வந்த விருந்தினர் பேசுனது ஒருத்தனுக்கும் விளங்கியிருக்காது. நான் ஏந்திரிச்சு ஏழே நிமிஷத்துல, அந்தப் புஸ்தகத்துல என்ன இருக்குன்னு சுருக்கமாச் சொல்லி, ஒரு இடத்துல சிரிக்க வச்சு, ஒரு இடத்துல கண்ணுல தண்ணி வர வச்சு, நன்றி வணக்கம்னு உக்காருவேன். கைதட்டு அடங்க ஒரு நிமிஷம் ஆகும். மிகைப்படுத்தல. ஒரு நிமிஷம்.

விருந்தினர்னு வந்து சேந்த ஆளுகளைக் கேட்டீங்கன்னா வயித்தெரிச்சல். ஒரு பேராசிரியர் வந்தாரு. அம்பது நிமிஷம் பேசுனாரு. அதுல நாப்பது நிமிஷம் அவரு சிங்கப்பூர் போயிட்டு வந்தது. புஸ்தகத்தோட பேரை ரெண்டே தடவை சொன்னாரு, அதுல ஒரு தடவை தப்பு. இன்னொருத்தர், பேங்குல பெரிய அதிகாரி, பின் அட்டையில இருக்குறதை வாசிச்சாரு. வாசிச்சு முடிச்சதும் இனி என்ன பண்ணுவாருன்னு பாத்துக்கிட்டு இருந்தோம். திருப்பி முன் அட்டையை வாசிச்சாரு. ஒரு டாக்டர், 'நேரமே கிடைக்கல, பஸ்ல வரும்போதுதான் புரட்டுனேன்'ன்னு பெருமையாச் சொன்னாரு. அவரு வந்தது கார்ல தம்பி. வாசல்ல நின்னு கதவைத் திறந்து விட்டவன் நான்.

இவங்களுக்கெல்லாம் சால்வை. இவங்களுக்கெல்லாம் எங்க வீட்டுலதான் ராத்திரிச் சாப்பாடு. ஆமா, அது ஒரு ஏற்பாடு. விருந்தினரை ஹோட்டலுக்கு அனுப்பக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன். படிக்காம வந்தவன் பூராம் எங்க வீட்டு இட்லியை மட்டும் பத்து பதினொண்ணுன்னு தின்னுட்டுப் போனான்.

நானா? நான் எங்க தம்பி படிக்கிறது. எனக்கு நேரம் ஏது? காலையில பேப்பர், பத்து மணிக்கு பென்சனர் சங்கம், மத்தியானம் கொஞ்சம் கண்ணசரணும். இவதான் படிப்பா. வடிவாம்பா. என் சம்சாரம். அவளுக்குப் பொழுது போகணும்ல. அடுப்பை அணைச்சுட்டா என்ன வேலை? நூலகத்துல என் பேர்ல எடுத்த புஸ்தகத்தைக் கொண்டாந்து போடுவேன். படிச்சுட்டு, கூட்டத்தன்னைக்கு மத்தியானம் நான் சாப்பிடும்போது பக்கத்துல உக்காந்து சொல்லுவா. இன்னார் இன்னாரைக் கட்டுனா, இன்னார் செத்துப் போனாருன்னு.

சும்மா வீட்டுப் பேச்சுதான். அதுல ஒரு நயமும் இருக்காது. ஒரு தடவை பாருங்க, ஒரு நாவல். அதுல ஒருத்தி கிணத்துல விழப் போறா. விளிம்புல நிக்கிறா. இவ சொன்னா, 'அவ விழலைங்க. அடுப்புல பாலை வச்சிட்டு வந்தது ஞாபகம் வந்திருச்சு, திரும்பி ஓடிட்டா. அவ உசுரைக் காப்பாத்துனது சாமியும் இல்ல, புருஷனும் இல்ல, காப்படிப் பாலு'ன்னு. அம்புட்டுதான் சொன்னா. நான் அன்னைக்கு மேடையில அதையே தூக்கி நிறுத்தி, 'காப்படிப் பால், சபையோரே, காப்படிப் பால்'னு ரெண்டு தடவை சொன்னேன் பாருங்க, முன் வரிசையில இருந்த ரிட்டயர்டு தாசில்தார் கண்ணைத் தொடைச்சாரு. ரெண்டு தடவை சொல்லணும்னு அவளுக்கா தெரிஞ்சது? அது என் சரக்கு.

அவ கூட்டத்துக்கு வந்ததே இல்ல. வந்தா வர்ற ஆளுக்கு இட்லி யாரு ஊத்துறது?

எல்லாம் நல்லாத்தான் போச்சு, ஜெசிந்தான்னு ஒரு புது நூலகர் வர்ற வரைக்கும். சின்ன வயசு. வந்த மூணாம் மாசமே, விருந்தினர் சாப்பிடுறப்ப நானும் வர்றேன்னு எங்க வீட்டுக்கு வந்திருச்சு. அன்னைக்கு விருந்தினர் ஒரு தமிழய்யா. சொற்பொழிவுல ஊரையே கட்டிப் போட்டவரு மாதிரி தோரணையா உக்காந்திருக்காரு. வடிவாம்பா சட்னி ஊத்திக்கிட்டே கேக்குறா, 'ஏங்கய்யா, அந்தப் பெரியவரு சாகுறதுக்கு முந்தி கதவைத் திறந்து வைக்கச் சொன்னாரே, அது மகன் வருவான்னா, இல்ல தான் போறதுக்கா?' அய்யா கையில இட்லியோட முழிக்கிறாரு. பெரியவரு செத்ததே அவருக்கு அப்பத்தான் தெரியும்.

நான் சமாளிச்சேன். 'நீ போயி மோரு கொண்டா'ன்னேன். அந்த ஜெசிந்தா மட்டும் இவளையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. மோரு வந்ததும் கேக்குது, 'அம்மா, அடுத்த மாசம் நீங்க பேசுறீங்களா?'

நான் சிரிச்சுட்டேன். மரியாதைக்குக் கேக்குதுன்னு நெனச்சேன். இவளும் சிரிச்சுக்கிட்டு 'நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்'னு உள்ள போயிருவான்னு பாத்தா, அங்கேயே நிக்கிறா. என் மூஞ்சியைப் பாக்கல தம்பி. முப்பத்தாறு வருஷத்துல எது கேட்டாலும் என் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்லுவா. அன்னைக்குப் பாக்கல. 'சரிம்மா, பேசுறேன்'னுட்டா.

அப்புறம் நோட்டீஸ் வந்துச்சு. சிறப்பு விருந்தினர், திருமதி வடிவாம்பாள், பத்தாம் வகுப்பு, பள்ளியில் முதல் மாணவி. எனக்குப் பகீர்னு இருந்துச்சு. ஏழோ எட்டோ படிச்சவன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். கேட்டா, 'நீங்க கேக்கலையே'ங்குறா. வந்து போன விருந்தினர் ஒவ்வொருத்தர் ஊரு, பேரு, படிப்பு, புள்ளைகுட்டி எல்லாம் என் நோட்டுல இருக்கு, நன்றியுரைக்கு வேணும்னு எழுதி வைப்பேன். வீட்டுல இருக்குறவளை நோட்டுல எழுதி வைக்கிறவன் உண்டா? நீங்களே சொல்லுங்க.

நோட்டீசுல கடைசி வரி, நன்றியுரை, மா. தெய்வேந்திரன். டீக்கடையில ஒருத்தன் கேக்குறான், 'அண்ணாச்சி, வீட்டம்மாவுக்கு சால்வையைத் தோள்ல போடுவீங்களா, கையில குடுப்பீங்களா?' பொம்பளை விருந்தினர்னா கையில குடுக்குறதுதான் எங்க வழக்கம். கட்டுன பொண்டாட்டிக்கு எதுன்னு எந்த வழக்கத்துல இருக்கு? ஒரு மாசம் தம்பி. அந்தத் தெருவுல தலையைக் குனிஞ்சுக்கிட்டே நடந்தேன்.

அதையும் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு மத்தியானம் நடந்ததுதான் பொறுக்கல. கூட்டத்தன்னைக்கு வழக்கம் போலச் சாப்பிட உக்காந்தேன். சோறு போட்டா, குழம்பு ஊத்துனா. நானா ஒண்ணும் கேக்கல. ரசத்துக்கு வந்துட்டோம். கதை வரல. மோருக்கு வந்துட்டோம். அப்பவும் வரல. கடைசியில நானே வாயை விட்டுக் கேட்டேன், 'என்ன, இந்தப் புஸ்தகத்துல என்னதான் இருக்கு?' அதுக்கு அவ சொல்றா, 'சாயங்காலம் அங்க வந்து எல்லாரோடயும் சேந்து கேட்டுக்கங்க.'

எப்படி இருக்கு? எல்லாரோடயும் சேந்து. நான் யாரு, கூட்டத்துல பத்தோட பதினொண்ணா? அவ பேசி முடிச்சதும் நான் ஏந்திரிச்சு என்னத்தைச் சொல்றது? மைக்செட்டுக்கு நன்றி, நாற்காலிக்கு நன்றின்னா? ஊரு பூராம் இன்னைக்குத் தெரிஞ்சு போயிராதா, இம்புட்டு நாளும்...

இம்புட்டு நாளும் ஒண்ணும் இல்ல. விடுங்க.

அவ தலை குளிக்கப் போனா. புஸ்தகம் ஃப்ரிட்ஜ் மேல இருந்துச்சு. எடுத்துப் பையில போட்டேன், நடையைக் கட்டிட்டேன். இதோ, இந்தப் பையிலதான் இருக்கு. என்ன அப்படிப் பாக்குறீங்க? திருட்டுன்னா நெனைக்கிறீங்க? என் பேர்ல, என் அட்டையில எடுத்த புஸ்தகம். நாளைக்கு இது தொலைஞ்சா நூலகம் என்னைத்தான் கேக்கும், அவளைக் கேக்காது. சட்டப்படி என் பொறுப்புல இருக்குற பொருள், என் பையில இருக்கு. இது இல்லாம அவ பேச முடியாதுன்னா, அது அவ பாடு. பேங்க் அதிகாரியே அட்டையைப் பாத்துத்தான் பேசுனாரு. இவளுக்கு அட்டையும் இல்ல இப்ப.

என்ன, வண்டி நின்னுருச்சு? ரயில்வே கேட் மூடியிருக்கா. ஆஃப் பண்ணிட்டாரு டிரைவர், இனி இருபது நிமிஷம். மணி என்ன? அஞ்சு நாப்பதா. கூட்டம் ஆரம்பிச்சு நாப்பது நிமிஷம். ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. அவ கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பா.

போனு அடிக்குது, எனக்கும் தெரியுது. அஞ்சு மணியில இருந்து அடிக்குது, நான்தான் சத்தத்தை அமுக்கி வச்சிருக்கேன். ஜெசிந்தாதான். எடுக்கணுமா? எடுத்தா என்ன சொல்லுவாங்க, கூட்டம் கேன்சல்னு சொல்லுவாங்க. சரி, கேட்டுத்தான் வைப்போமே. ஹலோ... ஹலோ, சொல்லுங்கம்மா. நான் ஒரு அவசர வேலையா... என்னது? பேசி முடிச்சாச்சா?

இருபத்தஞ்சு நிமிஷமா? கையில புஸ்தகம் இல்லாமயா?

என்னம்மா சொல்றீங்க, சரியாக் கேக்கல. ஆளு எம்புட்டுப் பேரு? நூலகம் பத்தாம வாசல்ல நிக்கிறாங்களா? எதுக்கு இன்னும் உக்காந்திருக்காங்க, முடிஞ்சிருச்சுன்னா எந்திரிச்சுப் போக வேண்டியதுதானே? ... யாரு சொன்னா? அவளா?

இருங்கம்மா. லைன்லயே இருங்க.

தம்பி, கேட்டீங்களா? கதையை முக்காவாசி சொல்லிட்டு நிப்பாட்டிட்டாளாம். 'கடைசிப் பகுதியை நான் சொல்லக் கூடாது, அது நன்றியுரையில வரும், அவுக சொல்லுவாக'ன்னுட்டு மேடையில உக்காந்துட்டாளாம். சனம் பூராம் நான் வருவேன்னு காத்துக்கிட்டு இருக்காம். இவளுக்குக் கிறுக்கா? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லாம நான் என்னத்தைச் சொல்றது?

இந்தப் புஸ்தகத்தைக் கொஞ்சம் பாருங்க தம்பி. எனக்குக் கண்ணாடி இல்ல, எழுத்து எறும்பு ஊருன மாதிரி தெரியுது. நடுவுல நடுவுல என்னமோ சீட்டு வச்சிருக்கா பாருங்க. மளிகை ரசீது, காலண்டர்த் தாள் எல்லாம் கிழிச்சு வச்சிருக்கா. எல்லாம் அவ பேசுறதுக்குக் குறிச்சது. என்ன எழுதியிருக்கு, வாசிங்க. 'சிரிப்பு'. அடுத்தது? 'இங்கே நிறுத்தி ஒரு தரம் சபையைப் பார்க்கவும்'. அடுத்தது? 'ரெண்டு தடவை சொல்லவும்'.

ரெண்டு தடவையா? அப்படியா எழுதியிருக்கா? நல்லாப் பாருங்க.

இது யாருக்கு எழுதுனது? அவ எதுக்கு ரெண்டு தடவை சொல்லணும்? அவதான் இந்தக் கடைசிப் பகுதிக்கே போகலையாமே. இருங்க, மேல அந்தப் பெரிய சீட்டுல என்ன இருக்கு, அதை வாசிங்க. சத்தமா.

'இதை நான் சொல்லலை. நல்ல இடம். இவுகளுக்கு.'

இன்னொரு தரம் வாசிங்க தம்பி.

நல்ல இடத்தை எடுத்து வச்சிருக்கா. தனக்கு வச்சுக்கல, பாருங்க. ஊரே வந்திருக்கு, அவ வாழ்க்கையில ஒரே ஒரு நாளு, அப்பவும் அதை எனக்கு எடுத்து வச்சிருக்கா. நான் அதைத் தூக்கிப் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். இப்படி ஒரு மடையனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க.

ஹலோ, ஜெசிந்தாம்மா, இருக்கீங்களா? போனை மைக்குக்கிட்ட வைங்க. ஆமா, இங்க இருந்தேதான். எங்க இருந்து பேசுனா என்ன, நன்றியுரை நன்றியுரைதான். எம்புட்டுத் தூரம்னு சபைக்குச் சொல்ல வேண்டாம். தம்பி, அந்தப் பக்கத்தை மெதுவா எனக்கு மட்டும் கேக்குற மாதிரி வாசிங்க. நான் பின்னாடியே சொல்றேன். கண்டக்டர் சார், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. புண்ணியமாப் போகும்.

அவையோர் அனைவருக்கும் வணக்கம். காலத்தின் அருமை கருதிச் சுருக்கமாக... ம், வாசிங்க தம்பி.

ஆறு வருடம் கழித்து அவன் திரும்பி வந்தான். உச்சி வெயில். அவள் ஏன் போனாய் என்று கேட்கவில்லை. எப்போது போவாய் என்றும் கேட்கவில்லை. ம். தட்டை எடுத்து வைத்தாள். சோற்றுப் பானையை அவன் பக்கம் தள்ளி வைத்தாள். போடவில்லை. அவனே போட்டுச் சாப்பிடட்டும் என்று எதிரில் உட்கார்ந்தாள். சபையோரே, போடவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். முதல் தடவையாக அவன் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்த்தாள்.

கேக்குதா தம்பி? போன்ல கேக்குது பாருங்க. கைதட்டு. அடங்கட்டும், இருங்க. அடங்க மாட்டேங்குது. ரெண்டு தடவை சொல்லவும்னு சரியாத்தான் எழுதியிருக்கா கழுதை. அவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு.

சரி, முடிச்சிருவோம். இந்தக் கடைசி வரி எனக்குத் தண்ணி பட்ட பாடு, இதுக்குப் புஸ்தகம் வேண்டாம். மூடி வைங்க.

இந்த அரிய நூலை நமக்கு அறிமுகம் செய்து வைத்த சிறப்பு விருந்தினர், எனது... திருமதி வடிவாம்பாள் அவர்களுக்கு...

அவர்களுக்கு, இந்த வாசகர் வட்டத்தின் சார்பிலும், என் சார்பிலும்...

தம்பி, என்ன இது. நூத்தி நாப்பத்தாறு தடவை சொன்ன வார்த்தை. வந்தவன் போனவனுக்கெல்லாம் சொல்லியிருக்கேன். வீட்டுக்குள்ள ஒரு தடவைகூடச் சொன்னதில்லைங்குறது இப்பத்தான் தெரியுது. இன்னைக்குச் சொல்ல வர மாட்டேங்குது.

ஐயையோ, கேட்டைத் தூக்கிட்டான். டிரைவர் சார், எடுக்காதீங்க, ஒரு நிமிஷம், ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி. எடுத்துட்டா சத்தத்துல அவளுக்குக் கேக்காது.

இருக்கேம்மா, இருக்கேன். லைனு கட்டாகல. வச்சிராதீங்க. அவளையும் ஏந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க.